கேட்காமல் தெளித்த தண்ணீர்

அன்று கோயிலில் இருந்தவர்கள்: பூசாரியான நான். மலைமேல் வாழவந்தி நாட்டிலிருந்து வந்த பாப்பாத்தி. அவள் அண்ணன் சின்னான். புது பிக்கப் வண்டிக்குப் பூசை போட வந்த சேந்தமங்கலத்து டிரைவர் முருகேசன். பக்கத்தில் தேங்காய், மளிகைக் கடை வைத்திருக்கும் வள்ளியம்மா. ஆக ஐந்து பேர். இது போக, பாப்பாத்தி பழையதாக வாங்கிய மொபட், அவள் நாய் மணி, அவள் வளர்க்கும் கிடா ராசு. எங்கள் சாமி கறுப்பனாரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் எப்போதும் இருக்கிறவர்.

எங்கள் கோயில் மலையடிவாரத்தில், முதல் கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. மேலே எழுபது வளைவு. அதனால் புது வண்டி எதுவும் இங்கே நிற்காமல் ஏறாது. நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மந்திரம் கொஞ்சம்தான் தெரியும், பயம் நிறைய உண்டு. பூசை போட்ட வண்டி மேலே போய்ச் சேர்ந்தது என்று யாராவது சொல்லும்வரை எனக்குச் சோறு இறங்காது.

முன்பு வண்டிக்கு மட்டும்தான் பூசை கேட்பார்கள். இப்போது தண்ணி மோட்டார், மருந்தடிக்கும் மெஷின், தையல் மெஷின், வளர்க்கிற கிளி, நாய் எல்லாமே வருகிறது. எதையும் நான் திருப்பி அனுப்புவதில்லை. சோறு போடுகிற பொருளுக்கும், கூடவே கிடக்கிற உயிருக்கும் சாமி துணை வேண்டும்தானே.

அன்று முருகேசனுடைய பிக்கப்பின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். அவன் கியரை மாற்றிப் போட்டுவிட்டால் என்ன ஆவது என்று பின்சக்கரத்துக்குப் பின்னால் கல்லும் வைத்தேன்.

“ஏனுங்க பூசாரி, நீங்க சாமிய நம்பறீங்களா, கல்ல நம்பறீங்களா?” என்றான்.

“ரெண்டையுந்தான் சாமி. நீ மொதல்ல நியூட்ரல்ல இருக்குதான்னு பாரு.”

அந்த நேரத்தில்தான் மொபட் வந்து நின்றது. பாப்பாத்தி ஓட்டினாள். காலடியில் நாய். பின்னால் சின்னான், அவன் மடியில் கிடா.

“எழுபது வளைவுங்க. ஒவ்வொரு வளைவுக்கும் எம்மேலயே மூத்திரம் பேஞ்சுட்டு வந்தானுங்க” என்றான் சின்னான். வேட்டியைப் பார்த்தால் பொய் சொல்வதாகத் தெரியவில்லை.

பாப்பாத்தி என்னிடம் சொன்னாள்: “அண்ணா, வண்டிக்குப் போட்டுட்டு இவங்க ரெண்டு பேருத்துக்கும் தீர்த்தம் போட்டு உடுங்க. போன மாசம் ராசுக்கு வயிறு உப்பிப் பொழைக்கறதே பெரும்பாடாப் போச்சு. தாயில்லாம பாட்டல்ல பால் குடுத்து வளத்துன பையனுங்க.”

சரி என்றேன். என் நினைப்பெல்லாம் முருகேசனின் கியரில் இருந்தது. சொம்பில் வேப்பிலையை முக்கி மொபட்டுக்குத் தெளித்தேன், நாய்க்குத் தெளித்தேன், அப்படியே கிடாவுக்கும் தெளித்தேன். நாய் உடம்பைச் சிலுப்பியது. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து ராசு காதிலிருந்து வால்வரை ஒரு சிலுப்புச் சிலுப்பினான். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. கிடா வெட்டுவதற்கு முன்னால் அதன்மேல் தண்ணீர் தெளிப்போம். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். சிலுப்பாமல் வெட்டக் கூடாது. சிலுப்பிய பிறகு வீட்டுக்கு ஓட்டிப் போவதும் கூடாது.

“உத்தரவு ஆயிருச்சு!” என்றான் சின்னான். அவன் முகத்தில் பக்தியும் இருந்தது, பசியும் இருந்தது.

பாப்பாத்தி கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “அடப்பாவி, தண்ணி பட்டா சிலுப்பாம என்ன பண்ணுவான்?”

முருகேசன், “அப்புடிப் பாத்தா நாய்தானுங்க மொதல்ல சிலுப்புச்சு. அதையும் வெட்டிக் கொழம்பு வெச்சர்லாமா?” என்றான்.

“நீ வாய மூடு. கெடாய்க்குத்தான் உத்தரவு, நாய்க்கு ஏது?” என்றான் சின்னான்.

பாப்பாத்தியைக் கிடாவோடு அப்படியே அனுப்பிவிட்டு, மேலே போகும் வழியில் மொபட் சறுக்கினால் என்னைத்தான் சொல்வார்கள். சாமி கேட்டதைக் கொடுக்கவிடாமல் செய்த பூசாரி என்பார்கள். வெட்டச் சொன்னாலோ, அவள் அழுகையை நான் சாகும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். தப்பு ராசுவுடையது இல்லை. என்னுடையது.

கடையிலிருந்து வள்ளியம்மா கேட்டாள்: “ஏனுங்க, தெளிக்கறதுக்கு முன்னால சாமிகிட்ட என்னன்னு கேட்டீங்க?”

யோசித்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. நேர்ந்துகொண்டவர் இன்னதுக்காகக் கொண்டு வந்தேன் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் தண்ணீர் தெளிக்க வேண்டும். கேட்காத கேள்விக்குச் சாமி எப்படிப் பதில் சொல்லும்? அதையே சொன்னேன்.

“செரி, இப்பக் கேளுங்க” என்றான் சின்னான், விடாமல்.

“நேந்தவதான கேக்கோணும்? கெடா என்னுது. நானே கேக்கறேன்” என்று பாப்பாத்தி எழுந்தாள். சாமிக்கு நேராக நின்று, ரோட்டுக்கே கேட்கும்படி சொன்னாள்: “சாமீ! ராசுவ நான் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். உனக்குச் சம்மதம்னா சிலுப்பச் சொல்லு!”

தெளித்தேன். ராசு அசையவில்லை. பிக்கப்பில் தொங்கிய மாலையில் ஒரு சாமந்தியைக் கடித்தான்.

இரண்டாவது முறையும் தெளித்தேன். அந்த மாலையையே இழுத்துத் தின்றான். மூன்று முறைதான் கணக்கு, அதற்குள் சிலுப்பாவிட்டால் சாமிக்குச் சம்மதம் இல்லை என்று அர்த்தம். பாப்பாத்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்றாவதற்கு நான் இலையைக் கீழே போட்டுவிட்டுச் சொம்பையே முதுகில் கவிழ்த்தேன். இலையால்தான் தெளிக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ராசு ஒரு கணம் நின்றான். பிறகு சிலுப்பினான் பாருங்கள், என் விபூதித் தட்டு நனைந்தது, முருகேசனின் புதுச்சட்டை நனைந்தது, கற்பூரம் அணைந்தே போனது.

“போதுமாண்ணா?” என்று பாப்பாத்தி சின்னானிடம் கேட்டாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மறுபடியும் நாந்தான் மடியில வெச்சுக்கோணுமா?” என்றான்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சொம்பை எடுப்பதற்கு முன்னால், எதற்காக வந்தீர்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைச் சாமிக்குக் கேட்கும்படி திருப்பிச் சொல்லுங்கள். நான் இப்போது மிக்சிக்குக்கூடக் கேட்கிறேன். சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். வளர்க்கிற உயிருக்குத் தண்ணீர் கிடையாது, நெற்றியில் விபூதி மட்டும்தான்.

ராசு ஊர் போய்ச் சேர்ந்தான் என்று சாயங்காலம் போன் வந்தது. அதற்குப் பிறகுதான் சாப்பிட்டேன். மறுநாள் வள்ளியம்மா கடைக்குப் போனபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. கிடா முதல் தடவை சிலுப்பிய பிறகு, நான் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் சின்னான் இந்தக் கடைக்கு ஓடிவந்து மிளகாய்த்தூள், மல்லித்தூள், அரை லிட்டர் கடலெண்ணெய் எல்லாம் எடுத்துப் பிக்கப்பில் வைத்து, காசு பூசாரி தருவார் என்று சொல்லியிருக்கிறான். அவை முருகேசனோடு சேந்தமங்கலம் போய்விட்டன. இருநூற்று முப்பது ரூபாய், என் பேரில் இன்னும் பாக்கி.