காந்தல் சோறு

பிளவக்கல் அணைக்குக் கீழே, மலையடிவாரத்தில், ஐயாதுரை என்ற கல்லூரி வாத்தியார் எண்பத்தொன்றில் ஒரு பண்ணை தொடங்கினார். பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு ஒரே அடுப்பு. நிலம் பொது, மாடு பொது, பிள்ளைகளும் பொது. பிள்ளைகள் தனிக் கொட்டகையில் வரிசையாகப் படுக்கும். எந்தப் பெண்ணையும் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும், பெற்றவளையும்கூட. அம்மா என்று ஒருத்தியைக் கூப்பிடுவதில்தான் சொந்தமும் சொத்தும் சாதியும் முளைக்கிறதாம். ஐயாதுரை சொல்லிக் கேட்டால் யாரும் நம்புவார்கள்.

வ. புதுப்பட்டி வெள்ளத்தாய் புருஷனுக்காக வந்தவள். பட்டாளத்திலிருந்து திரும்பிய சோலைச்சாமி, ஐயாதுரை பேச்சில் மயங்கி, பெண்டாட்டியையும் இரண்டு வயது செண்பகத்தையும் அங்கே குடிவைத்தான். மறு வருஷமே பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்தான். மாறிமாறிச் செய்ய வேண்டிய சமையல், அதன் பிறகு வெள்ளத்தாய் தலையிலேயே விழுந்தது. மற்றப் பெண்களுக்கு அவரவர் முறை வரும் நாளில் தலைவலியும் வந்துவிடும்.

கரண்டி தன் கையில் இருக்கிறதே, தன் பிள்ளைக்கு ஒரு பருக்கை கூடுதலாக விழுந்தாலும் பேச்சு வருமே என்று அவளுக்குப் பயம். அதனால் யாரும் கேட்காத சட்டம் ஒன்றை அவளே போட்டுக்கொண்டாள். சமைக்கிறவள் பிள்ளை கடைசியில்தான் சாப்பிட வேண்டும். செண்பகம் தட்டோடு வரும்போது அண்டாவின் அடியில் பிடித்த காந்தல்தான் மிச்சமிருக்கும். முதலில் அழுதாள். பிறகு பழகிக்கொண்டாள்.

கொள்கையைப் புரிந்துகொண்டவள் வெள்ளத்தாய் ஒருத்திதான் என்று ஐயாதுரை கூட்டத்தில் எழுந்து நின்று பாராட்டினார். பாவி, அதில் குளிர்ந்துபோனாள். ஸ்ரீவில்லிபுத்தூர் நூர்பானு தன் மகனுக்கு முந்தானையில் அவித்த முட்டையை மறைத்துக் கொண்டுபோனதை அடுத்த கூட்டத்தில் இவளே எழுந்து சொன்னாள். நூர்பானு சண்டை போடவில்லை.

“ஒம் பிள்ள மொகத்தப் பாத்து எம்புட்டு நாளாச்சு, வெள்ளத்தாயி?” என்று மட்டும் கேட்டாள்.

ஐயாதுரையின் சொந்த மகன் இத்தனை காலமும் மதுரையில் தாத்தா வீட்டிலிருந்து இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது தொண்ணூற்று மூன்றில்தான் தெரியவந்தது. பண்ணை கலைந்தது. அவரவர் பிள்ளையை அவரவர் இழுத்துக்கொண்டு நடந்தார்கள். பதினான்கு வயதுச் செண்பகம் ராஜபாளையம் மில் ஹாஸ்டலில் சேர்ந்துகொண்டாள். வரிசையாகப் படுப்பது அவளுக்குப் புதிதில்லை. வெள்ளத்தாய் கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பையன்கள் சாப்பிடும் மெஸ்ஸில் கரண்டி பிடித்தாள். மகள் என்றாவது ஒருநாள் அம்மா என்று கூப்பிட்டுவிடுவாள் என்ற ஒரே ஆசையில் நாளை ஓட்டினாள்.

மில்லில் கூட வேலை பார்த்தவனையே செண்பகம் கட்டிக்கொண்டாள். பிள்ளை பிறந்ததும் வெள்ளத்தாய் பிரசவ மருந்து இடித்து எடுத்துக்கொண்டு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினாள். அன்று பேர் வைக்கிற நாள். வந்திருந்தவர்களில் ஒருத்தி, இவிய யாரு என்று விசாரித்தாள்.

“எங்க பண்ணையில சமைச்ச அக்கா” என்றாள் செண்பகம்.

பந்தி முடிந்தது. எல்லோரும் கை கழுவிய பிறகு செண்பகம் சட்டியைச் சுரண்டி, காந்தலைத் தட்டில் போட்டு, வெள்ளத்தாய் முன்னால் வைத்தாள். பழி தீர்க்கிறாள் என்றுதான் வெள்ளத்தாய்க்குப் பட்டது. ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. கோபம் இருந்தால் உறவும் இருக்கும்.

“ஏட்டி, அதெல்லாம் இன்னும் மனசுல வச்சிருக்கியா?”

செண்பகம் புரியாமல் பார்த்தாள்.

“எதக்கா? சமைக்கிறவ வீட்டு ஆளு கடைசியிலதான சாப்புடணும். நீங்கதான சொல்லித் தந்திய.”

அந்த முகத்தில் துளி வஞ்சம் இல்லை. தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது. செண்பகம் தன் தட்டிலும் காந்தலைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அழட்டும்க்கா. சாப்புட்டுட்டு தூக்கலாம்” என்றாள்.