எந்தக் குலம்னு போடலையே!

எதுவும் நடக்காதவரைதான் இரவுக் காவல்காரன் வேலை பார்த்ததாகக் கணக்கு. ஊர் முழித்திருக்கும்போது தூங்கி, ஊருக்கே ஆகாதவர்களாகிப்போன என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் காவல் இருப்பது ஒரு பல்கலைக்கழகக் கணிதத் துறைக்கு. துணைக்குப் பழைய பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். சில விதிகளுக்குக் கட்டுப்பட்ட கூட்டத்துக்குக் கணக்கில் 'குலம்' என்று பேர். அதில் ஒன்றுமே செய்யாத உறுப்பு ஒன்று கட்டாயம் இருக்கணுமாம். ஏன்? பல வருடமாக அந்த ஒரு வரியில் சிக்கிக் கிடக்கிறேன். அதே குலத்தைப் பற்றி ஒரு வாரக் கருத்தரங்கு வந்தது. ஆள் பற்றாமல் பகலுக்கும் என்னைப் போட்டார்கள். எப்படியும் கேட்டுவிடுவது என்று தலையாட்டினேன்.

படமில்லாத பேனர்

'குலங்களும் உட்குலங்களும்: ஒரு வாரக் கருத்தரங்கு' என்று பேனர் அடிக்க சிவகாசிக்கு எழுதிக் கொடுத்தோம். வந்ததைப் பிரித்தால் இரண்டு ஓரத்திலும் சிங்கம், நடுவில் வெறும் வட்டம். துறைத்தலைவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அச்சகத்துக்குப் போன் போட்டேன்.

"எந்தக் குலம்னு போடலையே அண்ணாச்சி! தலைவர் படமும் அனுப்பல. சரி, எந்தக் குலமா இருந்தாலும் சிங்கம் பொருந்தும்னு வச்சு விட்டேன்."

ஜாதகத்தோடு வந்தவர்

சிங்கங்களை வெள்ளைத்தாளால் மறைத்து வாசலில் கட்டினோம். மறுநாள் வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் மஞ்சப்பையோடு இறங்கினார். பை நிறைய மகள் ஜாதகத்தின் நகல்கள். "உட்குலம் வாரியா உக்கார வைப்பீகளா?" என்றார்.

"இது கணக்குல வர்ற குலம், அண்ணாச்சி."

நம்பாமல் அரங்குக்குள் எட்டிப் பார்த்தார். ஆராய்ச்சி மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்.

"குலம் கெடக்கட்டும். கண்ணாடி போட்டு மூணாவதா இருக்காரே, அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

முழித்திருந்த ஒரே ஆள்

மூன்றாம் நாள் மதியம் எண்ணெய்ப் பரோட்டா. சாப்பிட்டு வந்து அரங்கமே சாமியாடியது. சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியை கரும்பலகையோடு பேசிக்கொண்டிருந்தார். முழித்திருந்தது கதவோரம் நின்ற நான் மட்டும்.

தூரத்தில் 'டமார்' என்றது. சுற்றிலும் பட்டாசு ஆலைகள் உள்ள ஊர்; அத்தனை பேரும் எழுந்து செல்போனை எடுத்துவிட்டார்கள். டீ கொண்டுவந்த கேன்டீன் முருகேசன் தட்டை என் கையில் திணித்துவிட்டு வெளியே ஓடினார். அவர் சம்சாரம் வெடி கம்பெனிக்குப் போகிறவர். போன் பேசிவிட்டுத் திரும்பி வரும்வரை யாரும் உட்காரவில்லை. சாக்பீஸும் கையுமாகப் புரியாமல் விழித்த பேராசிரியைக்கு முருகேசன்தான் பதில் சொன்னார்.

"கல்குவாரி வெடிதான் மேடம். நீங்க பேசுங்க, இனி ஒருத்தனும் தூங்க மாட்டான்."

பூட்டும் முன்னால்

கடைசி நாள். "கேள்வி உண்டா?" என்றார் அதே பேராசிரியை. நான் கையைத் தூக்கினேன்.

"என்னய்யா, பூட்டணுமா? அஞ்சு நிமிஷம் இரு" என்றார் துறைத்தலைவர். அரங்கம் சிரித்தது. கை தானாக இறங்கப் பார்த்தது. இறங்கினால் ஆயுசுக்கும் அந்த வரியோடுதான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கணும்.

"பூட்டத்தான் வேணும் சார். அதுக்கு முன்னால ஒரு சந்தேகம். ஒண்ணும் செய்யாததை எதுக்குக் குலத்துல சேர்க்கணும்?"

பேராசிரியை மேடையைவிட்டு இறங்கி வந்தார். "பூட்டைப் பூட்டுறீங்க. அப்புறம் திறக்கிறீங்க. ரெண்டும் சேர்ந்து என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"அந்த 'ஒண்ணும் ஆகல'யும் குலத்துக்குள்ளதான் இருக்கணும். இல்லேன்னா, செஞ்சதுக்கு நேர்மாறாச் செஞ்சா வந்து நிக்க இடமே இருக்காதே!"

பின்னாலிருந்து முருகேசன் குரல் வந்தது.

"இவரப் பத்தி இம்புட்டு வருசமா நாங்களும் இதைத்தான மேடம் சொல்லுதோம், ஒண்ணும் செய்யாத ஆளுக்கும் இங்கன ஒரு இடம் இருக்குன்னு!"

அன்று மாலை பூட்டினேன், மறுநாள் காலை திறந்தேன். ஆக ஒன்றும் ஆகவில்லை, குலம் நன்றாக இருக்கிறது.