ஒன்பது கோலுக்குப் பிறகு

மூன்று வாரத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை, நாங்கள் வெளிநாட்டில் குடியேறி வாழும் பாபகூராவில் நான் ஒரு தவறு செய்தேன். நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன். அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

என் மகள் அபிக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்துப் பெண்கள் சாக்கர் அணியில் கோல் கீப்பர், கேப்டனும் அவள்தான். எங்கள் மைதானத்தில் ஆட்டம் என்றால் பெற்றோருக்கு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவர் தோடம்பழம் வெட்டிக்கொண்டு வர வேண்டும், ஒருவர் கொடி பிடிக்க வேண்டும். எனக்கு வந்தது ஸ்டாப் வாட்ச். யாராவது அடிபட்டு விழுந்தால், பந்து வேலிக்கு வெளியே போனால், வாட்சை நிறுத்த வேண்டும். மறுபடி ஆட்டம் தொடங்கினால் ஓட விட வேண்டும். பெருவிரலுக்கு மட்டும்தான் வேலை... இதில் என்ன பிழை விடப்போகிறேன்?

அன்று வந்த அணி மலை போல நின்றது. இடைவேளைக்குள் ஒன்பது கோல். எங்களுக்குப் பூஜ்யம்.

தோடம்பழத் துண்டுகள் கைமாறும் நேரத்தில் இரண்டு கோச்சுகளும் என்னிடம் வந்தார்கள். எங்கள் கோச் மிஸ் கார்ட்டர், சயன்ஸ் டீச்சர். எதிரணி கோச் முன்பு அமெரிக்காவில் படிப்பித்தவர். அங்கே பள்ளிக்கூடங்களில் கையால் பந்தைத் தூக்கி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டங்களில் ஒரு பக்கம் ஒரேயடியாக அடிவாங்கினால், பல இடங்களில் கடிகாரத்தை நிறுத்தாமல் ஓட விடுவார்களாம். சீக்கிரம் முடிந்துவிடும். அதையே இன்றைக்கு நாமும் செய்வோமே என்றார். ரெஃப்ரியும் சம்மதம் என்றார்.

பக்கத்தில் நின்ற செல்வம் உடனே தலையாட்டினார். அவர் மலேசியாக்காரர், அவர் மகள் நிஷாவும் எங்கள் அணியில் ஆடுகிறாள். "ஓட விடுங்க சார். பிள்ளைங்க பாவம் லா. எவ்வளவுதான் வாங்குவாங்க?"

எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. தன் வலைக்குள் இருந்து ஒன்பது முறை பந்தைக் குனிந்து எடுத்தவள் என் பிள்ளை அல்லவா?

இரண்டாம் பாதி தொடங்கியது. பந்து வேலியைத் தாண்டி வாய்க்காலுக்குள் விழுந்தது. தேடி எடுத்தார்கள். வாட்ச் ஓடியது. பன்னிரண்டாவது கோல் விழுந்த கொஞ்ச நேரத்தில் நிஷா கால் பிரண்டு விழுந்தாள். ஆட்டம் நின்றது. வாட்ச் ஓடியது.

நிமிர்ந்து பார்த்தால் — அபி கோலை விட்டு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தாள். முழங்கால் வரை சேறு. என் கையைப் பிடித்துத் திருப்பி வாட்சைப் பார்த்தாள்.

"அப்பா, ஏன் நிப்பாட்டேல்லை?"

"ரெண்டு கோச்சும் கதைச்சு முடிவெடுத்தவை, பிள்ளை. உங்கட நன்மைக்குத்தான்."

"எங்களிட்ட ஆராவது கேட்டவையோ?"

வீட்டில் எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள். இதை மட்டும் எனக்கு நன்றாக விளங்கட்டும் என்று தமிழில் கேட்டாள்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், சிட்டியில் ஒரு டிராஃப்ட்ஸ்மன் வேலைக்கு இன்டர்வியூ போனேன். அரை மணி நேரம் என்று சொல்லியிருந்தார்கள். என் இங்கிலீஷ் இரண்டு தரம் தடக்கியது. எதிரே இருந்தவர் நல்ல மனிதர். பத்தாவது நிமிடம் ஃபைலை மூடிவிட்டு, "உங்களை மேலும் சிரமப்படுத்த விரும்பவில்லை" என்று சிரித்தபடி கை கொடுத்தார். நான் வரைந்த பாலத்தின் படம் சுருட்டியபடியே என் மடியில் கிடந்தது. அதை விரிக்கக்கூட இல்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்த இரக்கம்தான் பாபகூரா வரைக்கும் ரயிலில் என் கூடவே வந்தது.

பெருவிரலை அழுத்தினேன். வாட்ச் நின்றது.

"மிஸ் கார்ட்டரிட்ட போய்ச் சொல்லு. நான் நிப்பாட்டிப்போட்டன்."

மிஸ் கார்ட்டரின் முகம் சிவந்தது. கோபமில்லை; வெட்கம். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டார். நிஷா தரையில் இருந்தபடியே, "ஐ ஜஸ்ட் வான்ட் டு கோ ஹோம்" என்று அழுதாள். ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. அபியும் இன்னொருத்தியும் அவளைத் தாங்கி வெளியே கொண்டுவந்து விட்டார்கள். செல்வம் தன் ஜாக்கெட்டைக் கழற்றி மகளுக்குப் போர்த்தினார். மாற்று ஆள் உள்ளே போனாள். மற்ற எல்லோரும் சொன்னது ஒன்றுதான் — முழு நேரமும் ஆடுவோம்.

ரெஃப்ரியும் நானும் கணக்குப் பார்த்து, வாட்ச் விழுங்கிய ஐந்து நிமிடத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

அதிசயம் நடந்ததா? இல்லை! மேலும் இரண்டு கோல் விழுந்தது. பதினான்கு. ஆனால் கடைசி நிமிடத்தில் எங்கள் பிள்ளைகள் முதல் முறையாக எதிரணிக் கோல் வரைக்கும் போனார்கள். ஒரு கார்னர் கிடைத்தது. பந்து தலைகளுக்கு மேல் வளைந்து வந்தது. அந்தப் பக்கத்துக் கீப்பர் எம்பிக் குத்தி வெளியே தள்ளினாள். விசில்.

அந்தக் கீப்பர் நேரே ஓடிவந்து அபியைக் கட்டிக்கொண்டாள். அன்று முழுக்க அவள் கைக்கு வந்த ஒரே பந்து அதுதானாம்.

காரில் கேட்டேன். "பதினாலு வாங்கிப்போட்டு ஏன் பிள்ளை சிரிக்கிறாய்?"

"எப்பிடியும் தோத்திருப்பம், அப்பா. பட் பாதியில அனுப்பினா, தோத்ததெண்டும் சொல்லேலாது."

அடுத்த வாரம் அவள் கைப்பட ஒரு கடிதம் எழுதி மிஸ் கார்ட்டரிடம் கொடுத்தாள். கடிகாரத்தை ஓட விடுவதென்றால், தோற்கிற அணியின் கேப்டன் கேட்க வேண்டும். வேறு யாரும் தீர்மானிக்கக் கூடாது. கோச்சுகள் கூடிக் கதைத்து, இந்த சீசன் முடியும்வரை அப்படியே செய்வதென்று ஒப்புக்கொண்டார்கள். போன சனிக்கிழமை எட்டு கோல் வாங்கினார்கள். அபி கேட்கவில்லை.

நாமும் வீட்டில் இதைத்தானே செய்கிறோம்? பிள்ளை தடுமாறினால் நாமே முடிவெடுத்து, நாமே முடித்து வைத்து, அதற்கு அன்பு என்று பெயரும் வைக்கிறோம்.

நானும் யோக்கியன் இல்லை. அடுத்த வருடத்துப் பாடங்களைத் தெரிவு செய்து நிரப்பும் பாரம் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்திருந்தது. அபிக்கு ஃபிசிக்ஸில் மார்க் குறைவு. கஷ்டப்பட வேண்டாம் என்று, அவளைக் கேட்காமலே அதை வெட்டிவிட்டுக் கையெழுத்தும் வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை அந்தப் பாரத்தை எடுத்து அவள் முன்னால் வைத்து, மன்னிப்பும் கேட்டேன். "நீயே சொல்லு, பிள்ளை. எவ்வளவு கஷ்டமெண்டாலும் அப்பா உன்னோட நிப்பன்" என்றேன்.

அபி பாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இல்லை அப்பா, வெட்டினது சரி. ஐ ஹேட் ஃபிசிக்ஸ்."

கேட்டால்தானே தெரிகிறது!