மீட்டர் அக்காவின் சிவப்புச் சொட்டு

எங்கள் பட்டறையில் முதலாளியோடு சேர்த்து ஒன்பது பேர். கரண்ட் போனால் ஃபேன், விளக்கையெல்லாம் பேட்டரியில் ஓடவைக்கிற இன்வெர்ட்டர் பெட்டிகளைச் செய்கிறோம். கடைசி மேசை மீட்டர் அக்காவுடையது. அவர் சரி என்று சொல்லாமல் ஒரு பெட்டியும் வாசலைத் தாண்டாது. பதினோரு வருஷமாக அப்படித்தான். மேற்பார்வையாளனாகிய எனக்கு அது எவ்வளவு எரிச்சல் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்ததைக் கேட்டு நீங்கள் ஆச்சரியப்பட வேண்டாம்.

அக்காவின் வேலை இதுதான். பேட்டரி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் பெட்டி தானாக அணைந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரி செத்துப்போகும். எந்த அளவில் அணைய வேண்டும், எந்த அளவு ஏறினால் மறுபடி எழ வேண்டும் என்பதற்கு போர்டில் இரண்டு குட்டித் திருகுகள் உண்டு. அக்கா பெட்டிக்குப் பளு கொடுத்து, வோல்ட்டைக் கையாலேயே மெல்ல மெல்ல இறக்கி, முள் மீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பத்தரை வோல்ட்டில் 'டக்' என்று ரிலே சுவிட்ச் விழுந்து பெட்டி அணைய வேண்டும். பிறகு ஏற்றிக்கொண்டே போவார். பன்னிரண்டரைக்கு வந்தால்தான் எழ வேண்டும். ஒரு பெட்டிக்கு மூன்று தடவை. எல்லாம் சரியென்றால் தன் கைப்பையிலிருந்து நகப்பூச்சை எடுத்து, இரண்டு திருகின் தலையிலும் ஒவ்வொரு சிவப்புச் சொட்டு வைப்பார். காய்ந்தபின் யாராவது திருகை அசைத்தால் சொட்டு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

"டிஜிட்டல் மீட்டர் வாங்கித் தர்றேன்னாலும் கேக்க மாட்டேங்கிறீங்களே," என்பார் முதலாளி.

"அதுல நம்பர் தாவுது முதலாளி. முள்ளுன்னா நடந்து வர்றது தெரியும்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நாங்கள் கேலி செய்வோம். "நாலாவது காலை நீங்க தின்னிருப்பீங்க," என்று அக்காவும் சிரிப்பார்.

அந்த வருஷம் புகார் மேல் புகார். பெட்டி சீக்கிரமே அணைந்துவிடுகிறது, அணைந்தால் லேசில் வருவதில்லை என்று வாங்கியவர்கள் எல்லாம் முதலாளியைப் பிடுங்கினார்கள். "எதையாவது பண்ணித் தொலை" என்று அவர் என்னைப் பிடுங்கினார். நான் அக்காவிடம் போனேன்.

"பத்துக்குக் கீழ இறக்கிடுங்கக்கா. எழுற இடத்தையும் பதினொண்ணுக்குக் கொண்டுவாங்க."

"அது முடியாது தம்பி. பளுவை எடுத்ததும் பேட்டரி தானா கொஞ்சம் ஏறும். மூட்டை தூக்குறவன் மூட்டைய இறக்குனதும் தெம்பா இருக்கேன்னு சொல்ற மாதிரி. அதை நம்பி உடனே தலையில ஏத்துனா உக்காந்துடுவான். மறுபடி இறக்கி, மறுபடி ஏத்தி, ராவெல்லாம் இதே கூத்துதான். இடைவெளி இருந்தே ஆகணும்."

அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அதுதான் வெட்கக்கேடு. நான் டிப்ளமா படித்தவன். அவர் பட்டறையைப் பெருக்க வந்து, சாலிடரிங் கற்றுக்கொண்டு அந்த மேசைக்கு வந்தவர். எல்லோர் காதிலும் விழும்படி எனக்குப் பாடம் எடுத்துவிட்டாரே என்று உள்ளே புகைந்துகொண்டிருந்தது.

மகளுக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் அக்கா வரவில்லை. அவர் முடித்துவைத்த பதினெட்டு பெட்டிகள் மூடி போடாமல் அடுக்கியிருந்தன. மாலையில் வண்டியேற வேண்டியவை. மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் சொட்டுகளை பிளேடால் சுரண்டினேன். திருகுகளை ஒவ்வொன்றாகக் கால் சுற்று திருப்பினேன். மீட்டர்கூட வைத்துப் பார்க்கவில்லை. சிவப்புச் சொட்டு இல்லாத பெட்டியை வண்டிக்காரரே ஏற்றமாட்டார். அதனால் காலையிலேயே மூன்று கடை ஏறி அதே சிவப்பில் நகப்பூச்சு வாங்கி வைத்திருந்தேன். "யாருக்கு சார், உங்க வீட்டம்மாவுக்கா?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள். ஆமாம் என்று பல்லைக் காட்டினேன்.

மூன்று வாரத்தில் முதல் பெட்டி திரும்பி வந்தது. ஒரு சின்ன மருத்துவமனையில் மருந்து வைக்கிற ஃபிரிட்ஜுக்கு அதை மாட்டியிருந்தார்கள். கரண்ட் போய், பேட்டரி இறங்கியதும், பெட்டி அணைவதும் எழுவதுமாகத் துடித்துத் துடித்து ஃபிரிட்ஜின் கம்ப்ரஸரைக் கருக்கிவிட்டது. உள்ளே இருந்த மருந்தெல்லாம் குப்பைக்குப் போனது. அடுத்த வாரம் இன்னும் நாலு பெட்டிகள் வந்தன.

முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு அக்காவின் மேசையில் அவற்றை வரிசையாக வைத்தார். அக்கா ஒவ்வொன்றாக அளந்தார். ஒன்றுகூட பத்தரையில் இல்லை. சொட்டுகள் மட்டும் உடையாமல் இருந்தன.

"இது உங்க சொட்டுதானே?"

அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "என்னுதுதான் முதலாளி. முள்ளைத் தப்பாப் பாத்துட்டேன் போலிருக்கு. மன்னிச்சிடுங்க."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றைக்கு இரண்டுக்கும் நடுவே இரண்டடிதான். யாரோ திருகியிருக்கிறார்கள் என்று அவர் சொல்வார், மறுத்துப் பேசலாம் என்று பதில்களெல்லாம் தயாரித்து வைத்திருந்தேன். அவர் யாரையும் சந்தேகப்படவில்லை. தன் கண்ணைச் சந்தேகப்பட்டார். நானோ வாயைத் திறக்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். "தம்பி, இது எவ்வளவு காட்டுது? நீ பாத்துச் சொல்லு."

"பத்தரை அக்கா."

"எனக்கும் அப்படித்தான் தெரியுது. ஆனா அன்னிக்கும் அப்படித்தானே தெரிஞ்சிருக்கும்?"

இரண்டு மாதம் இப்படி. பிறகு அவராகவே முதலாளியிடம் கேட்டு, அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலைக்குப் போய்விட்டார். அந்த மேசை எனக்கு வந்தது, டிஜிட்டல் மீட்டரோடு. அக்கா ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்தினார். ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிடுகிறாராம். இரண்டு கண் டாக்டர்கள் ஒரு குறையும் இல்லை என்றார்கள், அவர் நம்பவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பதெல்லாம் சும்மா. என் நெஞ்சு வேளாவேளைக்குச் சாப்பிட்டது, நன்றாகத் தூங்கியது.

அட்டைப்பெட்டி வேலைக்குப் போய் ஏழு மாதம் ஆனபோது லீவு கேட்டு என்னிடம் வந்தார்.

"தலைய ஸ்கேன் எடுக்கணும் தம்பி. கண்ணுல ஒண்ணுமில்லன்னா மண்டைக்குள்ளதானே இருக்கணும்? எங்கம்மாவுக்கும் இப்படிச் சின்னதாத்தான் ஆரம்பிச்சுது. மககிட்ட இன்னும் சொல்லல. அவளை யார் பொறுப்புல விடறதுன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

அப்போதுதான் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், கையில் இருந்த டேப் சுருளைப் பார்த்துக்கொண்டே, நகப்பூச்சு வாங்கியதுவரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்குக்கா."

"மண்டையும்?"

"நல்லா இருக்கு."

அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் அழுதார். செருப்பால் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எல்லார் முன்னாடியும்தானே நான் தப்புன்னு ஒத்துக்கிட்டேன்? நீயும் எல்லார் முன்னாடியும் சொல்லு. இப்பவே."

சொன்னேன். முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ ஒருவர் காறித் துப்ப வெளியே போனார்.

மறுநாளே அக்கா பழைய மேசைக்கு வந்துவிட்டார். முள் மீட்டரும் வந்தது. எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் இன்றைக்கும் மூன்றாவது தடவை அளந்து முடித்ததும் அவர் கை நின்றுவிடுகிறது. சொட்டு வைக்க முடிவதில்லை. "இங்க கொஞ்சம் வாங்களேன், இது எவ்வளவு காட்டுது?" என்று பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவரையோ வண்டிக்காரரையோ கூப்பிடுகிறார். அவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்து, பத்தரை என்று சொன்ன பிறகுதான் வைக்கிறார். பக்கத்து மேசையில்தான் நான் இருக்கிறேன். என்னை அவர் கூப்பிடுவதில்லை.