குட்டிக் கழுகின் ஒரே பாட்டு

வாஷிங் மெஷினுக்குப் பின்னால் தலையை நுழைத்துப் படுத்திருந்தபோதுதான் மெக்கானிக் தன்னுடைய பாட்டை முதன்முதலாக இன்னொருவர் வாயில் கேட்டார்.

வீட்டுக்காரம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டே பாடினார். "ஜன்னலைச் சாத்தாதே, நான் இன்னும்..." அங்கே ஒரு மூச்சை இழுத்துப் பிடித்து, பிறகு, "போகல." ஸ்பேனர் கை நழுவி மூக்கின் மேல் விழுந்தது. மூக்கைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார்.

"அம்மா, இந்தப் பாட்டு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"என்ன இப்படிக் கேக்குறீங்க? கழுகு பாட்டுங்க! ஏதோ பழைய டேப்புல கிடந்துச்சாம், இப்பத்தான் வெளிய வந்திருக்கு. என் பையன் போனைத் தொட்டாலே இதுதான் பாடுது. அதை விடுங்க, மெஷின் ஓடுமா ஓடாதா?"

"ஓடும்மா. பெல்ட்தான் அறுந்திருக்கு," என்று மறுபடி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பெல்ட்டை மாட்டக் கை வரவில்லை.

கழுகு யாரென்று அங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த மனிதர் எழுதிப் பாடிய பாட்டு இல்லாமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை, ஒரு பிணமும் வீட்டை விட்டுப் போனதில்லை. வேலைநிறுத்தம் செய்கிறவர்கள் அட்டையில் எழுதிப் பிடிப்பது அவர் வரியை. அவர்களை வீட்டுக்கு அனுப்பும் முதலாளி பிரிவுபசார விழாவில் போடுவதும் அவர் பாட்டைத்தான். காதலைச் சொல்ல வாய் வராதவன் அவருடைய வரி ஒன்றைச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பான். அவர் போன பிறகு பிறந்த பிள்ளைகள்கூட சலூனில் போய் உட்கார்ந்து 'கழுகு வெட்டு' என்கிறார்கள். ஆள் மண்ணுக்குள் போய்விட்டார். ஊர் இன்னும் அவர் வாயால்தான் பேசுகிறது.

மெக்கானிக்குக்கு மீசை அரும்பிய வயதில் அந்தக் குரல் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. அப்புறம் எழுந்து போகவே இல்லை. வாரநாளில் வாஷிங் மெஷின், விடுமுறை நாளில் கழுகு வேஷம். குழுவை நடத்துவது மனைவியின் தம்பி. மெத்தைக் கடைக்காரன், டிரம்ஸ் அடிப்பவன். குழுவுக்கு அவன் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று.

"விக் ஏறிடுச்சுன்னா நீங்க இல்ல மாமா. சொந்தப் பேச்சு ஒரு வார்த்தை கூடாது. தண்ணி வேணும்னாலும் கழுகு கேக்குற மாதிரிதான் கேக்கணும்."

"தாகமே கழுகுக்குத்தான் எடுக்கணும்னு சொல்லுவ போலிருக்கே மாப்ள."

"எடுத்தா நல்லதுதான்!"

இப்படியே தலை நரைத்தது. விக்குக்குள் நரை யாருக்குத் தெரியப்போகிறது? ஐம்பதைத் தாண்டியும் ஊர் அவரைக் 'குட்டிக் கழுகு' என்றுதான் கூப்பிட்டது.

அந்தப் பாட்டு வந்தது ஆஸ்பத்திரி வராந்தாவில். உள்ளே அப்பா கிடந்தார். எதைச் சொன்னாலும் கடைசி வார்த்தைக்கு முன்னால் நின்று, காற்றைத் தேடிப் பிடித்து இழுத்து, அப்புறம்தான் அந்த வார்த்தையை வெளியே விடுவார். நர்ஸ் ஜன்னலைச் சாத்த வந்தபோது அவர் சொன்னதுதான் முதல் வரி. மகன் பெஞ்சில் உட்கார்ந்து அந்த மூச்சையும் சேர்த்தே மெட்டுப் போட்டார். வெகுகாலம் மனைவியைத் தவிர யாரும் அதைக் கேட்கவில்லை.

பிறகு ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. மதியச் சாப்பாட்டுக்குப் பின் இருந்த பாட்டெல்லாம் தீர்ந்தும் கூட்டம் 'ஒன்ஸ் மோர்' என்று விடவில்லை. அவர் சட்டென்று அதைப் பாடிவிட்டார். என் பாட்டு என்று சொல்லவில்லை. விக் தலையில் இருந்ததே, சட்டம் சட்டம்தானே! பின்வரிசையில் யாரோ போனில் பதிவு செய்திருக்கிறார்கள். படம் மங்கல், குரல் மட்டும் கணீர். அந்தக் குரலைக் கேட்டவர்கள் வேறு யாரென்று நினைப்பார்கள்? குரலை மட்டும் தனியே எடுத்து யாரோ 'கழுகின் பழைய டேப்' என்று சுற்றவிட்டிருந்தார்கள்.

பெல்ட்டை மாட்டி முடித்து வீட்டுக்குப் போய், பாட்டு கழுகின் பேரில் ஓடுவதை மனைவியிடம் சொன்னார். தைத்துக்கொண்டிருந்த துணியை அவள் மடியில் போட்டாள்.

"வாயில என்ன, கொழுக்கட்டையா? போய்ச் சொல்லுங்க. எழுதினது நீங்க. நான் பார்த்தேன்ல?"

"சொல்லத்தான் போறேன். எம்பேர்ல ஊர்ல வேற எதுவும் வேணாம். இது ஒண்ணாவது இருக்கட்டும்."

ரசிகர் மன்றச் செயலாளர் ஒரு பல் டாக்டர். நாற்காலியில் சாய்ந்தவர் கண்ணுக்கு நேரே கூரையில் கழுகின் படம் ஒட்டியிருந்தது. மெக்கானிக் போனபோது ஒருவர் வாயைத் திறந்துகொண்டு கிடந்தார்.

"டாக்டர், அந்தப் புதுப் பாட்டு... அது நான் எழுதினது."

டாக்டர் சிரித்தார். "நீங்க மூடாதீங்க," என்று நாற்காலியில் இருந்தவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார். "தம்பி, கம்பெனி விழாவுல நீங்க அதைப் பாடினீங்களாமே, உங்ககிட்ட இருக்கிற டேப்பைப் பத்திக் கேக்கணும்னு நானே ஆள் அனுப்ப இருந்தேன். எங்க கிடைச்சுது?"

"டேப்பே இல்ல டாக்டர். நான்தான்..."

"கடைசி வார்த்தைக்கு முன்னாடி அந்த மூச்சு! அவருக்கு ஆஸ்துமா. உலகத்துல வேற எவன் அப்படி மூச்சு வாங்கிப் பாடினான், சொல்லுங்க."

"அது எங்க அப்பா மூச்சு டாக்டர்."

"அப்பாவும் கழுகு ரசிகரோ?" என்றார் டாக்டர் கனிவாக. நாற்காலிக்காரர் திறந்த வாயோடு ஏதோ சொன்னார். அது என்னவென்று இருவருக்கும் புரியவில்லை. "நினைவு நாள் விழாவில நீங்கதான் அதைப் பாடணும். உங்களை விட்டா ஆள் ஏது?"

சொந்தக் குரலில் பாடிக் காட்டினால் நம்பாமலா போவார்கள் என்று தோன்றியது. அன்று மாலையே சமையலறையில் மனைவியை நிறுத்திவைத்துக் கண்ணை மூடிப் பாடினார். கழுகின் கரகரப்பு வேண்டாம், இழுவை வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே பாடினார். முடிந்ததும் அவள் அடுப்பைப் பார்த்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"என் குரலா இருந்துச்சா?"

"எனக்கு வேற குரல் தெரியாதேங்க," என்றாள். "பொண்ணு பார்க்க வந்தப்பவும் இப்படித்தானே பாடினீங்க."

அதன்பிறகு ஒரு சந்தேகம் ஆளைப் பிடித்துத் தின்னத் தொடங்கியது. அப்பா மூச்சு வாங்கியபோது நான் கேட்டது அப்பாவைத்தானா? அட, கழுகு மாதிரியே இருக்கிறதே என்று அந்தப் பெஞ்சில் ஒரு நொடி தோன்றவில்லையா? தோன்றியது போலவும் இருந்தது, தோன்றாதது போலவும் இருந்தது. பெற்ற தகப்பன் உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடந்தபோது மகன் காதில் விழுந்தது எவனோ ஒருவனின் பாட்டா? மெஷின்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, எந்தத் திருகு எங்கே போகும் என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

விழா வெட்டவெளி மைதானத்தில், வெயில் தாழ்ந்த நேரத்தில் நடந்தது. மனைவி முதல் வரிசையில் இருந்தாள். வேர்வையில் நழுவாமலிருக்க அவள் கையாலேயே பசை தடவி ஒட்டிய விக். டாக்டர் மைக்கில், "நம் கழுகின் கடைசிப் பரிசு!" என்று அறிவித்ததும் மைதானமே எழுந்து நின்றது.

மெக்கானிக் மைக்கைப் பிடித்தார். "இந்தப் பாட்டை அவர் எழுதல. நான் எழுதினேன். எங்க அப்பா சாகும்போது எழுதினேன்."

உடனே எங்கிருந்தோ ஒரு குரல்: "டேய், செத்தவர் பாட்டையா திருடுற?" "விக்கைக் கழட்டுடா முதல்ல!" அவர் கழற்றத்தான் பார்த்தார். பசை விடவில்லை, தோல்தான் இழுபட்டது. அதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். ஒரு பாட்டில் பறந்து வந்து டிரம்மில் மோதியது. கழுகு படம் போட்ட சட்டையோடு ஒரு வயதான அம்மா மேடை ஓரம் வந்து கையை நீட்டிக் கேட்டாள்: "ஏம்பா, இத்தனை வருஷம் அவர் போட்ட சோத்தைத்தானே தின்ன? அவருக்கே இப்படிச் செய்யலாமா?"

பாட்டிலைவிட அதுதான் பலமாக விழுந்தது. அது பொய்யில்லையே.

மாப்பிள்ளை குச்சிகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "மாமா, சிரிங்க. உங்க காலைப் பிடிக்கிறேன், சிரிச்சிடுங்க. உயிரோட வீட்டுக்குப் போகணும்." உடனே மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "குட்டிக் கழுகு தமாஷ் பண்றாருங்க! கழுகே மேடையில எத்தனை குறும்பு பண்ணுவாரு, மறந்துட்டீங்களா?" என்று கத்தினான்.

ஆயிரம் முகங்கள் அவரைப் பார்த்தன. இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். மைக் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. மனைவி பாதி எழுந்து நின்றாள், அவளும் எதையோ சொல்லப்போகிறவளைப் போல.

அவர் சிரித்தார். கழுகு சிரிப்பாரே, ஒரு பக்க உதட்டை மட்டும் தூக்கி, அதே சிரிப்பு. கூட்டம் குளிர்ந்துபோய்க் கைதட்டியது. மேடை ஓரத்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நோக்கிக் கும்பிட்டாள்.

பாடினார். முதல் வரியிலேயே மைதானம் அவரிடமிருந்து பாட்டை வாங்கிக்கொண்டது. எல்லோருக்கும் மனப்பாடம். கடைசி வார்த்தைக்கு முன்னால் அத்தனை பேரும் சேர்ந்து மூச்சை இழுத்தார்கள். அதில் அப்பா எங்காவது இருக்கிறாரா என்று காதைத் தீட்டிக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. பாதியில் அவர் பாடுவதை நிறுத்தி வாயை மட்டும் அசைத்தார்; யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அந்த மைதானத்தில் அசையாமல் இருந்தது ஒரே ஒரு வாய். முதல் வரிசையில், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, இறுக மூடிய வாயோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடியும்வரை அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.