இடியாருக்குக் கேட்காத குரல்

இயந்திரத் துப்பாக்கிப் பயிற்சியாளருக்கு வீரர்கள் வைத்திருந்த பெயர் இடியார். வாயைத் திறந்தால் சுடுதளத்தின் மறுகோடி வரை கேட்கும். "விரலை எடு, பூட்டைப் போடு, மூடியைத் திற, தோட்டாப் பட்டையை எடு, உள்ள காலியான்னு கண்ணால பாரு" என்று அவர் போட்ட போட்டில் பிள்ளைகள் தூக்கத்தில்கூட அதை ஒப்பிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: "'நிறுத்து'ன்னு எவன் கத்தினாலும் துப்பாக்கி நிக்கணும். கத்தினவன் சமையக்காரனா இருந்தாலும் சரி."

குரல் ஏன் அவ்வளவு பெரிது என்பது அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். இளவயதில் காதடைப்பான் போடுவது கோழைத்தனம் என்று நினைத்தவர். இப்போது வலது காது அடியோடு போய்விட்டது, இடது காதில் பாதிதான் மிச்சம்.

"உப்பு இருக்கான்னு கேட்டா, துப்பு இருக்கான்னு கேட்ட மாதிரி சண்டைக்கு வர்றீங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பாள் அவள், அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று.

"காட்டினா சுடுதளத்துப் பக்கமே விடமாட்டாங்க. எனக்கு வேற என்ன தெரியும்?"

அன்று காலை சுடுவதற்கு முன்னால், எதிரே மண்மேட்டுக் குழியிலிருந்து பலகைக்காரர் வயர்லெஸ்ஸில் ஏதோ கேட்டார். இலக்குப் பலகைகளை ஒட்டிச் சரிபண்ணுகிற மனிதர். தயாரா என்றுதான் கேட்கிறார் என்று நினைத்து இடியார் "சரி, சரி" என்றார். சுடச் சொல்லிவிட்டு, பின்னால் குந்தித் தொலைநோக்கியில் இடதுகோடிப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுட்டவனுடைய காதைக் காதடைப்பான் மூடியிருந்தது. பயிற்சியாளர் தோளில் தட்டினால்தான் நிறுத்துவான். பக்கத்தில் படுத்துத் தோட்டாப் பட்டையை ஊட்டிக்கொண்டிருந்தவனை எல்லோரும் ஒல்லி என்பார்கள். திடீரென்று அவன் பட்டையைக் கையோடு முறுக்கிப் பிடித்தான். துப்பாக்கி திணறி நின்றது. ஒல்லியின் இரண்டு விரல்கள் கிழிந்து தொங்கின.

"சுடுற துப்பாக்கியில கைய வைக்கிறியே, மூளை இருக்காடா? கத்தறதுக்கு என்ன கேடு?" என்று பாய்ந்தார் இடியார்.

"கத்தினேன் சார். மூணு வாட்டி கத்தினேன். பலகை பக்கத்துல ஆள் நின்னாரு."

இடியார் பார்த்தார். யாரும் இல்லை. "எனக்குக் கேக்கல" என்றார்.

அது சத்தியமான வார்த்தை. ஆனால் இடியார் சொன்னால் மறுபேச்சு ஏது? ஒல்லி பொய் சொல்கிறான் என்று ஆகிவிட்டது. விரலில் கட்டுப் போட்ட கையோடு, பயிற்சியிலிருந்து நீக்கச் சொல்லி அவனை மேலதிகாரியிடம் அனுப்பினார்கள்.

பலகைக்காரர் இடியாரைத் தனியாகப் பார்க்க வந்தபோது அவர் சட்டையெல்லாம் மண்.

"அந்தத் தம்பி குரல் குழி வரைக்கும் கேட்டுச்சு சார். கேட்டதும் அப்படியே உள்ள விழுந்துட்டேன். இல்லன்னா இப்ப என்னை மூட்டை கட்டியிருப்பாங்க." கொஞ்சம் தயங்கினார். "வெளிய வந்து பலகை மாத்தட்டுமான்னு கேட்டேன், நீங்க சரி சரின்னீங்க. ஒருவேளை நான்தான் தப்பாக் கேட்டுட்டேனோ என்னமோ."

தன் காதை நொந்துகொண்டு நின்ற அந்த மனிதரிடம் இடியார் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

சோற்றைப் பிசைந்துகொண்டே மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் திட்டவில்லை. "நேர்ல நின்னு பேசிப் பேசி மூடி மறைச்சதுல நானும் கூட்டுதான்" என்றாள். "அந்தப் புள்ளைய வீட்டுக்கு அனுப்பிட்டு இந்தச் சோறு உங்களுக்கு இறங்குமா?"

மறுநாள் மேலதிகாரி எதிரே நின்று, காது கேட்காததையும், அதை மறைத்ததையும், "சரி" என்று சொன்னது தான்தான் என்பதையும் சொன்னார். ஒல்லியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். இடியாருக்குத் துப்பாக்கியைத் தொட அனுமதி போயிற்று. பழைய கூடாரங்களும் கயிறுகளும் கிடக்கிற கிடங்குக்கு மாற்றினார்கள். பலகைக்காரரிடமும் போய்ச் சொன்னார். அவர் "உயிரோட இருக்கேன்ல சார், விடுங்க" என்றுவிட்டு, அதற்கப்புறம் இடியாரைக் கண்டால் வேறு வழியாகப் போனார்.

ஒரு மாதம் கழித்து, கயிறு வாங்க ஒல்லி கிடங்குக்கு வந்தான். விரல்கள் ஒட்டியிருந்தன, ஆனால் சரியாக மடங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார் இடியார். ஒல்லியோ விளக்கு வெளிச்சத்துக்கு நகர்ந்து, அவர் முகத்துக்கு நேரே நின்று, உதடு நன்றாகத் தெரியும்படி நிறுத்தி நிறுத்திக் கேட்டான்:

"நல்லா இருக்கீங்களா, சார்?"

ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது அவருக்கு.