மூன்று முழுக்கும் ஒரு கிரேக்கப் பகிடியும்

செங்கலடிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபது வருடமாக உயர்தர வகுப்புக்கு அளவையியல், அதாவது தர்க்கம், படிப்பிக்கிறேன். யாருடைய வாதத்திலும் ஓட்டை கண்டுபிடிப்பது என் தொழில். வீட்டுத் தண்ணீர்க் குழாயில் ஓட்டை விழுந்தால் மட்டும் ஆள் பிடிக்கவேண்டும்.

அடுத்த வகுப்பறையில் நாடகமும் அரங்கியலும் படிப்பித்தவன் என் கூட்டாளி. பாடத்திட்டத்தில் கிரேக்க அரங்கு வரும். துன்பியலை அவனே பிள்ளைகள் அழ அழப் படிப்பித்துவிடுவான். இன்பியல் வந்தால் என்னைக் கூப்பிடுவான். நான் அதெல்லாம் வாசித்தவன் என்றொரு பெயர் இருந்தது. அதை நான் மறுத்ததும் இல்லை. போய் நின்று, விரலில் ஒட்டிய வெண்கட்டித் தூளைக் காற்சட்டையில் துடைத்தபடி விளக்குவேன். அந்தக் காலத்து ஏதென்சில் மெய்யியல் படித்தவர்களையும் வாதாடக் கற்றுக்கொடுத்த வாத்திமாரையும் திருவிழாக் கூட்டத்துக்கு முன்னால் மேடையேற்றிக் கிழித்தார்கள். கிழிபட்டவர் சபையிலேயே இருப்பார். அப்படி ஒருவர், ‘நான்தான் அந்த ஆள், நன்றாகப் பாருங்கள்’ என்பதுபோல எழும்பி நின்றதாகவும் ஒரு கதை உண்டு. “தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாதவன் படிச்சவன் இல்லை,” என்று முடிப்பேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பின்வாங்கில் இருந்து கூட்டாளியும் எழுதிக்கொள்வான்.

அவனுக்குத் தெரியாத விசயம் என்னிடம் இருக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் என் மனைவிக்குக் கட்டி ஒன்றுக்காகச் சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தது. “புற்றுநோயாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்,” என்றார் டொக்டர். எக்காலத்திலும் உண்மையாகும் கூற்று. ஒரு சதத்துக்கும் உதவாது. அடுத்த நாள் விடியக்காலை, கடவுளுக்கு எதிரான வாதங்களை வகுப்பில் வரிசையாக அடுக்குகிற நான், அமிர்தகழிக்குப் போய் மாமாங்கக் கோயிலின் தீர்த்தக் குளத்தில் இறங்கினேன். நீந்தத் தெரியாது. படியைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டேன். தடிமன் பிடித்துத் தும்மினேன். மழையில் நனைந்ததாக வீட்டில் சொன்னேன். கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தது. பயந்ததையும் முழுகியதையும் ஒருவனிடம்தான் சொன்னேன், வலையிறவுப் பாலத்தடியில் வாவியைப் பார்த்தபடி. அவன் என் தோளில் கை வைத்தான். அந்தக் கையின் பாரம் இன்னும் நினைவிருக்கிறது.

போன வருடம் அவன் கிரேக்கப் பாணி இன்பியல் ஒன்றை எழுதி, எங்கள் கூத்து ஆட்டத்தில் மேடையேற்றப் போவதாகச் சொன்னான். கதை என்னவென்று கேட்டதற்கு, வந்து பார் என்றான். கூத்துப் பழகுகிறவர்களுக்கு முதன்முதலாகச் சதங்கை கட்ட ஒரு சடங்கு வைப்பார்கள். அதற்குப் பெரியவர் ஒருவர் வேண்டும். நான் வேட்டி கட்டிப் போனேன். பிரதான பாத்திரம் ஆடும் மாணவனின் காலில் குனிந்து சதங்கையைக் கட்டி, நன்றாக வரவேண்டும் என்று வாழ்த்தினேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அரங்கேற்றத்துக்கும் நானே பிரதம அதிதி. மூன்று மணி என்று போட்டு நாலரைக்குத் தொடங்கியது. முன்வரிசையில் மனைவியும் நானும். நான் கட்டிய சதங்கை குலுங்க வந்த தர்க்க வாத்தியார் முதலில் வெண்கட்டியைக் காற்சட்டையில் துடைத்தார். மண்டபம் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். படித்தவன் அல்லவா.

வாத்தியார் கடவுள் இல்லை என்று நிறுவினார். பிறகு குளத்துக்கு வந்து படியைப் பிடித்தார். வகுப்பில் வாதத்தைப் படிப்படியாக அடுக்கும் குரலிலேயே, முதல் முழுக்கில் “முதலாம் எடுகூற்று”, அடுத்ததில் “இரண்டாம் எடுகூற்று”, மூன்றாவதில் மூக்கால் தண்ணீர் வழிய “ஆகவே முடிவு” என்றார். பிற்பாட்டுக்காரர் அதையே தாளத்தோடு திருப்பிப் பாடினார்கள். பகிடி உயர்தரமானது, அதை நான் மறுக்கமாட்டேன். கடைசியில் தும்மிக்கொண்டே வீட்டுக்குப் போய், “மழையில நனைஞ்சிட்டன் புள்ள,” என்றார்.

மண்டபம் குலுங்கியது. அவர்களுக்கு அது கற்பனை. அது கற்பனை இல்லை என்று கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் எனக்குப் பக்கத்தில் சிரிக்காமல் இருந்தாள்.

அதிதி உரைக்கு நான் எழும்பத்தான் வேண்டும். எழும்பி நின்றேன். ஏதென்சில் எழும்பி நின்ற மனிதன் ஞாபகம் வந்தது. அந்த மனிதனை உரை நிகழ்த்தச் சொல்லி யாரும் ஒலிவாங்கி நீட்டியிருக்கமாட்டார்கள். மூன்று நிமிடம் நாடகத்தைப் புகழ்ந்தேன்.

தேத்தண்ணி மேசையில் கூட்டாளி பெற்றிஸ் தட்டோடு வந்தான். முகம் மலர்ந்திருந்தது.

“அத ஏன்டா போட்டாய்?” என்றேன்.

“எதை மச்சான்?”

“குளத்தை.”

“அதுதானே உயிரான இடம். அது இல்லாட்டி வெறும் வாத்திப் பகிடி. நீதானே சொல்லித்தந்த, ஆள் சபையில இருக்கக்கொள்ள ஆடவேணும் எண்டு?”

அவனுடைய வாதத்தில் ஓட்டை தேடினேன். எடுகூற்றுகள் எல்லாம் என்னுடையவை. பெற்றிஸை வாங்கித் தின்றேன்.

மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது ஏறாவூர் தாண்டியதும் பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“அண்டைக்கு மழையில்ல எண்டு எனக்கு அப்பவே தெரியும். எங்க போனீங்க எண்டு ஒருநாளும் கேக்கல்ல. நீங்களாச் சொல்லுவீங்க எண்டு இருந்தன்.”

பயந்ததைச் சொன்னால் அவளும் பயந்திருப்பாள் என்றேன்.

“நான் பயப்பிடாமலா இருந்தன்? தனியப் பயந்தன். நீங்க அவருக்குச் சொல்லியிருக்கீங்க, எனக்குச் சொல்லல்ல.”

கூட்டாளியைத் திட்டுவதற்காக நான் தயாராக்கி வைத்திருந்த சொற்கள் அத்தனையும் அவளுக்குப் பொருந்தின, என்னைத் திட்டுவதற்கு. அவள் ஒன்றையும் பாவிக்கவில்லை. என் தோளில் வழக்கமாகப் பிடித்திருக்கும் கையை எடுத்து, வீடு வரும்வரை பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.